இரண்டாங்குரல்

"கண்ணைத் திறக்காதீங்கம்மா, திறந்தா மருந்து வழிஞ்சிடும், அப்புறம் மறுபடி விடணும்" என்று அந்த நர்ஸ் பெண் மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டுப் போனாள், ஜெசிந்தா ஏதோ விளையாட்டுக்குத் திறந்து திறந்து பார்க்கிறவள்போல. எரிந்தால் திறக்கத்தான் செய்யும், அதற்கெல்லாம் மனு போட்டா அனுமதி வாங்க முடியும். கண்பாப்பா விரிய நாற்பது நிமிஷமாம். அதுவரைக்கும் இந்த பெஞ்சு, இந்தப் பினாயில் வாடை, இரண்டு பக்கமும் இவளைப்போலவே கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கூட்டுத் தியானம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள், எல்லாம் கண்புரை. இடது பக்கத்தில் வீட்டுக்காரர் இன்னாசிமுத்து பேப்பரை மடக்கி மடக்கிப் படிக்கிற சரசரப்பு. ஐம்பத்திரண்டு வயசுக்குக் கண்புரையா, எந்நேரமும் செல்லை நோண்டினா வராம என்ன செய்யும் என்று திருச்சி வருகிற வரைக்கும் பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தார். முப்பது வருஷம் அவர் சாப்பாட்டில் கல் பொறுக்கினதில் வந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றாது. செல் என்றதும் கை தானாகவே மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டது. உள்ளே இருக்கிறது அந்தப் பாட்டு. காலையில் காரைக்காலிலிருந்து, செல்லில் அவள் சேர்ந்திருக்கிற குழுவின் அருள்ரூபன் அனுப்பிவிட்டான். 'அக்கா, ரெண்டு குரலையும் சேர்த்துட்டேன், ஹெட்போன் போட்டுக் கேளுங்க, உட்கார்ந்துட்டுக் கேளுங்க.' உட்கார்ந்துதான் இருக்கிறாள். கண்ணும் மூடித்தான் இருக்கிறது. ஆனாலும் கை போகவில்லை. முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்த ஒன்றுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் காத்திருப்பது பெரிசில்லை, அதுவும் இதைக் கேட்டுவிட்டால் அப்புறம் கேட்காமல் இருந்த ஜெசிந்தாவாக ஒருநாளும் இருக்க முடியாது என்று தெரிந்தபிறகு.

'ஒரே கல்லறை' என்று அந்தக் குழுவுக்குப் பேர். போன் சிணுங்கும்போதெல்லாம் இன்னாசிமுத்து எட்டிப் பார்த்து "யார் போய்ட்டாங்க?" என்பார், துக்கச் செய்தி போடுகிற குழு என்று நினைத்து, அவளும் திருத்தவில்லை. யாரோ தினமும் சாகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது ஒரு வகையில் சௌகரியம். அதற்கு முன்னால் அவள் சேராத குழு உண்டா. செபமாலைக் குழு ஒன்று, விடிந்தால் ரோஜாப்பூ, பூவுக்கு மேலே ஒரு வசனம், நம்ம கோயிலில் இன்னும் எத்தனை நாளைக்குத் தேர்கூடச் சாதி பார்த்து இரண்டு தெருவோடு நிற்கும் என்று ஒருநாள் கேட்டாள், 'சகோதரி, இங்கே அரசியல் வேண்டாம்' என்று இரண்டு கை கூப்பின படம் வந்தது. சரி, அரசியலே பேசுகிறவர்களிடம் போவோம் என்று போனால் அங்கே நல்லவர்கள்தான், புத்திசாலிகள்தான், ஆனால் அவள் ஒரு புதன்கிழமை 'நவநாள் செபத்துக்குப் போய்ட்டு வந்து எழுதுகிறேன்' என்று போட்டதற்கு 'இன்னுமாக்கா நீங்க?' என்று ஒரு பையன், மீசையே சரியாக முளைக்காதவன், பாவம்போல் கேட்டான். முழங்காலில் நிற்கிறவளுக்கு மூளை இருக்காது என்று யார் இவனுக்குச் சொன்னது. பாட்டுக் குழு இன்னும் மோசம், ராகம் தெரியாதவர்கள் வாசலிலேயே செருப்போடு நிற்கவேண்டும். இப்படி ஒரு இடத்தில் சாமியை வெளியே விட்டு, இன்னொரு இடத்தில் நியாயத்தை வெளியே விட்டு, மூன்றாவதில் தொண்டையை வெளியே விட்டு உள்ளே போய்ப் போய் வந்தவளுக்கு, போன மாசியில் இவர்கள் அகப்பட்டார்கள். நாற்பத்து மூன்று பேர். சேர ஒரே நிபந்தனை, ஒரு பாட்டுப் பாடி அனுப்பவேண்டும், எப்படிப் பாடினாலும் சரி. கல்லறையில் சாதிச் சுவர் கூடாது என்று ஆயருக்கு எழுதுகிற கடிதத்துக்கு வாசகம் திருத்துவார்கள், அது முடிந்ததும் யாராவது ஒரு பழைய தவக்காலப் பாட்டின் மூன்றாவது சரணம் ஞாபகம் இருக்கா என்று கேட்பார்கள், அதுவும் முடிந்தால் யார் வீட்டிலோ அறுவை சிகிச்சை, எல்லோரும் ஆளுக்குச் செபமாலையில் ஒரு பத்துமணி. ஒருவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை. ஆனால் அருள்ரூபன் பேசுமுன் இரண்டு தடவை இருமுவான், முதல் இருமல் நிஜம், இரண்டாவது பழக்கம். இவளோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மகளின் இருமலைக்கூட இவ்வளவு தெரியுமா என்று யோசித்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது, எங்கெங்கோ கிடந்த நாற்பத்து மூன்று பேர், அவள் மனசுக்குள் அவளே பேசிக்கொண்டிருந்ததை எப்படி இவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவள் பாடி அனுப்பினது சிஸ்டர் எவாஞ்சலின் பாட்டு. கான்வென்ட்டில் ஒன்பதாம் வகுப்பு, நெற்றியில் சாம்பல் பூசுகிற சாம்பல் புதனுக்காகச் சிஸ்டர் தானே எழுதி மெட்டுப் போட்டது, 'நெற்றிச் சாம்பல் ஒரே நிறம் ஆண்டவரே' என்று தொடங்கும். இரண்டு குரல். வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இரண்டாங்குரல், மூன்றரை மணிக்குப் பெரிய ஹாலில் பழகவேண்டும். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு, முக்கால்வாசி சேரித்தெருப் பிள்ளைகள், முதல் குரல், அவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் துவைக்கிற கல் பக்கத்தில் பழகுவார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டையும் சேர்க்கிறேன் என்றார் சிஸ்டர். திங்கட்கிழமை பெற்றோர் சிலர் தலைமைச் சிஸ்டரைப் பார்த்துவிட்டுப் போனார்கள், ஹாஸ்டல் பிள்ளைகள் முன்வரிசையா, எங்கள் பிள்ளைகள் அவர்களுக்குப் பின்பாட்டா என்று. யார் யார் போனார்கள் என்று ஜெசிந்தா கேட்கவில்லை, அன்றைக்கு அப்பா ஆபீசுக்கு ஏன் லேட்டாகப் போனார் என்றும் கேட்கவில்லை. பாட்டு நின்றது. சிஸ்டருக்கு அடுத்த மாதம் மாற்றல். இவளுக்கு மிஞ்சினது இரண்டாங்குரல், அது மட்டும். தோசை வார்க்கும்போது, துணி உதறும்போது, பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டும்போது அதுதான் வரும். "அம்மா பாடினா தாளம் இருக்கு, பாட்டுதான் இல்ல" என்பாள் மகள். இன்னாசிமுத்து அதைவிட ஒரு படி மேலே, "யாரோ பக்கத்து ரூம்ல பாடறதுக்கு இவ இங்க தலையாட்டுறா." அது உண்மைதானே, பக்கத்து அறை எங்கே என்றுதான் தெரியவில்லை. முதல் குரலை அவளே கற்பனை பண்ணிப் பார்த்திருக்கிறாள், வரவில்லை. நடுவில் ஓரிடத்தில் இரண்டாங்குரல் எட்டு அட்சரம் ஒரே சுருதியில் அசையாமல் நிற்கும், லைட்டுக் கம்பம் மாதிரி, அந்த எட்டு அட்சரமும் எதற்கு என்று அவளுக்கு விளங்கினதே இல்லை, சிஸ்டருக்கு மெட்டு தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குழுவில் பாடி அனுப்பிவிட்டு, இதுக்கு முதல் குரல் யாருக்காவது தெரியுமா என்று கேட்டு வைத்தாள், காணாமல்போன ஆட்டுக்குட்டிக்கு நோட்டீஸ் ஒட்டுகிறமாதிரி. ஏழு மாசம் ஒன்றும் இல்லை. போன வாரம் குவைத்திலிருந்து ஒரு குரல், 'நான் தெரசம்மாள். இங்க ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். குழுவுக்குப் புதுசு. பழசெல்லாம் கேட்டுட்டே வந்தேனா, உங்களது வந்ததும் கையில இருந்த ட்ரேயைக் கீழ வெச்சுட்டேன். ஜெசிந்தா, நான் துவைக்கிற கல் பக்கம் இருந்தவ.'

இனியும் தள்ள முடியாது. பையில் கையை விட்டுத் தடவி ஹெட்போனைக் காதில் செருகினாள். எங்கே தட்டுவது என்று கட்டைவிரலுக்குத் தெரியும், காலையிலிருந்து பத்துத் தடவை அந்த இடத்துக்குப் போய்த் திரும்பின விரல். முதலில் தன் குரல் வந்தது, சமையலறையில் பதிவு செய்தது, பின்னாடி மிக்ஸி ஓடுகிற சத்தம்கூட லேசாக. என்ன கட்டைக்குரல் நமக்கு என்று கோபம் வந்தது. நெற்றிச் சாம்பல் என்று அது இறங்கினபோது, இறங்கினதற்கு மேலே, அதே சொல்லை வைத்துக்கொண்டு, வேறொரு பெண் ஏறினாள். மூடின இமைக்குள்ளே சிவப்பு, சிவப்புக்குள்ளே மஞ்சளாக ஏதோ விரிகிறது, மருந்தா பாட்டா தெரியவில்லை. எட்டு அட்சரம் வந்தது. இவள் குரல் அசையாமல் நிற்கிறது, அந்தக் குரல் அதன் தோளில் கால் வைத்து ஏறுகிறது, ஒன்று, இரண்டு, மூன்று, இன்னும் மேலே, நின்றுகொண்டிருப்பவள் கொஞ்சம் நகர்ந்திருந்தால் விழுந்திருக்கும், நகரவில்லை, மேலே போனவள் அங்கேயிருந்து 'ஆண்டவரே' என்று கூப்பிட்டுவிட்டுப் படிப்படியாக இறங்கி வந்து கடைசிச் சொல்லில் இரண்டு பேரும் ஒரே சுருதியில், யார் யார் என்று பிரிக்க முடியாமல். இதுவா. இத்தனை நாள் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று அவள் பாடினது இதற்கா. சிஸ்டருக்கு மெட்டு தீரவில்லை, சிஸ்டர் அந்த இடத்தில் வீட்டுப்பிள்ளைகளை அசையாமல் நிற்க வைத்து ஹாஸ்டல் பிள்ளைகளை ஏற்றியிருக்கிறார், எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறார், அந்தக் கறுப்புச் சட்டக் கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண்பிள்ளை. கண் ஓரமாக வழிந்தது. "மருந்து வழியுது பார்" என்றார் இன்னாசிமுத்து, கைக்குட்டையை அவள் கையில் திணித்து. மருந்துதான் என்றாள். மறுபடி கேட்டாள். மறுபடியும். நான்காம் தடவை பாட்டு முடிந்தபோது நிறுத்த விரல் தேடிக்கொண்டிருக்கையிலேயே புதுசாக வந்து விழுந்த தெரசம்மாள் குரல் தானாகவே ஓட ஆரம்பித்தது.

"ஜெசிந்தா, கேட்டீங்களா? நான் லிஃப்ட்டுக்குள்ள நின்னுட்டுக் கேட்டேன், மூணு தடவை மேல கீழ போய்ட்டு வந்தேன், செக்யூரிட்டி ஒரு மாதிரி பார்க்கிறான். இங்க பாருங்க, கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வர்றேன். எனக்கு சவேரியார்குளம் பங்குக் கோயில்தான். திருச்சியில இருந்து ஒண்ணரை மணி நேரம்தான். சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்கப்பா படுத்திருக்கார், குழுவுல படம் போட்டாங்களே, அதே சுவர்தான். அப்பாகிட்ட நின்னு நாம ரெண்டு பேரும் இதைப் பாடிடலாம், வர்றீங்களா? நீங்க திருச்சின்னு மட்டும்தான் சொன்னீங்க. உங்களுக்கு எந்தப் பங்கு?"

எந்தப் பங்கு. குழுவில் எழுதும்போதெல்லாம் திருச்சிப் பக்கம், திருச்சிப் பக்கம் என்று எழுதினவள்தானே, கடிதத்தில் கையெழுத்துக்கூட ஊர் போடாமல் போட்டவள். அந்தச் சுவரின் படத்தை அருள்ரூபன் போட்ட அன்று, வெள்ளையடித்த சுவர், நடுவில் சலவைக்கல், அதில் 'உபயம்' என்று ஒரு பேர், வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை என்று யாரோ எழுதினார்கள். ஜெசிந்தாவுக்கு வெளிச்சம் தேவையில்லை. ச. சூசைமாணிக்கம். அவள் மாமனார். ஆடு மாடு நுழையாமல் இருக்கக் கட்டினது என்று அந்த வீட்டில் சொல்லுவார்கள், கல்லறைக்கு நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது, நட்டநடுவே ஒரு சுவர், இந்தப் பக்கத்து ஆடு அந்தப் பக்கம் போகாமல் இருக்க. கல்யாணமான முதல் நவம்பரில் அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள், சிரித்ததற்கு மாமியார் மூன்று நாள் பேசவில்லை, நான்காம் நாளிலிருந்து ஜெசிந்தா அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாதது மட்டுமா. வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில் வெள்ளையடிப்பு, சுண்ணாம்பில் நீலம் எவ்வளவு என்று இவளுக்குத்தான் கை பிடிபடும், கூடினால் மங்கும், குறைந்தால் மஞ்சளடிக்கும், 'ஜெசி கலக்கினாதான் பளிச்சுனு இருக்கும்' என்று நாத்தனார்கள் சொல்ல, சொல்லச் சொல்லக் கலக்கினவள் யார். நாக்கு நீளம் என்று ஊரில் பேர் வாங்கினவள், ரேஷன் கடையில் சண்டை, பஸ்ஸில் சண்டை, சாமியாரிடமே சண்டை, அந்த ஒரு வாளிக்கு முன்னால் மட்டும் முப்பது வருஷம் வாயை மூடிக்கொண்டு கலக்கியிருக்கிறாள். வேறு பங்கு சொல்லிவிடலாம். நவம்பரில் உடம்புக்கு ஆகவில்லை என்றுவிடலாம், கண் ஆபரேஷன், டாக்டர் வெயிலில் போகக்கூடாது என்றார், எத்தனை வசதியான கண். அப்படிச் சொன்னால் தெரசம்மாள் நம்புவாள், பாவம் உங்களுக்காக வேண்டிக்கிறேன் என்பாள், வேண்டவும் செய்வாள், அதுதான் தாங்காது. உண்மையைச் சொன்னால் அந்த நாற்பத்து மூன்று பேர். பேசுமுன் இருமுகிறவன். இந்த வயசில் இன்னொரு தடவை அப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்களா, ஒரு ஆளுக்கு ஒரு தடவை கிடைத்ததே பெரிசு. முதல் குரல் கிடைத்து முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் திருப்பிக் கொடுப்பதா. ஆனால் அந்த எட்டு அட்சரம் காதுக்குள் இன்னும் நின்றுகொண்டிருந்தது, தோள் மேல் ஒரு கால் பட்டதுபோலவே இருந்தது, ஏறினவளுக்குத் தான் யார் தோளில் நிற்கிறோம் என்று தெரியாமல் இருப்பது எந்த ஊர் நியாயம். எழுதலாம் என்று போனை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். திரை முழுக்கப் பால் கொட்டினமாதிரி வெளிச்சம், அதில் ஒரு எழுத்தும் இல்லை. எழுத முடியாது. பேசித்தான் ஆகவேண்டும், இங்கே, இந்த ஹாலில், பக்கத்தில் அவரை வைத்துக்கொண்டு. விரிந்த கண்ணுக்கு முன்னால் டியூப்லைட்டுகள் ஒவ்வொன்றும் பீடத்தில் நற்கருணை வைக்கிற கதிர்ப்பாத்திரம்போலச் சுற்றிலும் கதிர் விட்டுக்கொண்டு நின்றன. விரலை அழுத்தினாள்.

"தெரசம்மாள், ஜெசிந்தா பேசறேன். கேட்டேன், நாலு தடவை கேட்டேன். அதைப் பத்தி அப்புறம் பேசறேன், முதல்ல இது. எனக்கும் சவேரியார்குளம் பங்குதான். வாக்கப்பட்ட ஊர். அந்தச் சுவத்தைக் கட்டினவர் என் மாமனார். கல்லுல இருக்கிற பேர் அவர் பேர்தான்." பேப்பரின் சரசரப்பு நின்றது. "அதுக்கு வருஷா வருஷம் சுண்ணாம்புல நீலம் கலக்கறது நான். யாரும் என் கையைப் பிடிச்சுக் கலக்க வைக்கல. உங்க யார்கிட்டயும் சொல்லல, சொன்னா என்னை வெச்சுக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன், வேற காரணம் ஒண்ணுமில்ல." "ஏய், என்ன பேசற நீ, அப்பா பேரை எதுக்குடி இழுக்கற?" என்றார் இன்னாசிமுத்து, தாழ்ந்த குரலில்தான், ஆனால் காதுக்குப் பக்கத்தில். அவள் விரல் இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தது. எடுத்தபோது விர்ரென்று ஒரு சின்னச் சத்தம், போய்விட்டது, அவர் சொன்னதும் சேர்ந்து குவைத்துக்குப் போய்விட்டது.

"யாரு அது?" என்றார். சொன்னாள். துக்கச் செய்தி குழு இல்லை அது என்றும், சுவத்துக்கு அந்தப் பக்கத்து மனுஷி என்றும், ஒரே கான்வென்ட் என்றும், இத்தனை வருஷம் அவர் கேட்டது பாதிப் பாட்டு என்றும் ஒன்றன்மேல் ஒன்றாக, குழந்தை வாந்தியெடுக்கிறமாதிரி. அவர் பேப்பரை நாலாக மடித்து வைக்கிற சத்தம் மட்டும். கோபப்பட்டாலாவது பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம், சண்டையில் அவளுக்குப் பயிற்சி உண்டு. கண்ணை மூடிக்கொண்டால் பக்கத்தில் இருக்கிற ஆளின் மௌனம் எவ்வளவு பெரிசாக இருக்கிறது, முகத்தைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும், இப்போது அவர் மூக்கால் விடுகிற மூச்சை வைத்து என்ன கண்டுபிடிப்பது. அப்பா போட்ட சலவைக்கல்லை வருஷா வருஷம் அவர்தான் ஈரத்துணி வைத்துத் துடைப்பார், பேரின் ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் விரலை விட்டு. போன் மடியில் அதிர்ந்தது. தடவிப் பார்த்தாள், தட்டினாள், குரல் வரவில்லை. எழுதியிருக்கிறாள். ஜெசிந்தா கண்ணை அகலத் திறந்தாள், சுருக்கினாள், கையை நீட்டிப் பிடித்தாள், மறுபடியும் பால். யாரிடம் கொடுப்பது. நர்ஸ் பெண்ணிடமா.

"படிங்க" என்று போனை இடது பக்கம் நீட்டினாள்.

"நானா?"

"எனக்குக் கண்ணு தெரியல."

கொஞ்ச நேரம் அவள் கை அந்தரத்திலேயே இருந்தது. பிறகு கனம் போயிற்று. கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிற சத்தம். அவருக்குச் சத்தமாகப் படித்துப் பழக்கமில்லை, கோயிலில் வாசகம் படிக்கச் சொன்னாலே தூணுக்குப் பின்னால் போகிறவர், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "டியூட்டில இருக்கேன், பேச முடியாது, அதான் எழுதறேன். எங்கப்பாவைப் புதைக்கும்போது எனக்குப் பதினாறு வயசு. அன்னைக்கு அந்தச் சுவர் காயல. நான் கையை வெச்சேன், சிமெண்டு ஒட்டிச்சு. வீட்டுக்குப் போய்க் கழுவினேன்." நிறுத்தினார். அப்புறம் தானாகவே தொடர்ந்தார். "நீங்க இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். எனக்குக் கோபமா இருக்கு. இப்ப உங்ககூடப் பேசினா ஏதாவது சொல்லிடுவேன். ஆனா பாட்டு பாட்டுதான். டிக்கெட் எடுத்தாச்சு. நவம்பர் ரெண்டு, சாயங்காலம் நாலு மணி, அப்பாகிட்ட நிப்பேன். நீங்க அந்தப் பக்கம் நின்னு பாடினா எனக்கு வேண்டாம், சுத்தி இந்தப் பக்கம் வரணும்."

"வர்றேன்னு போடுங்க" என்றாள் ஜெசிந்தா.

"இன்னும் இருக்கு." அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "நடுவுல ஒரு ஆம்பளைக் குரல் கேட்டுச்சு. அது உங்க வீட்டுக்காரரா. அவரும் வருவாரா."

ஹாலில் யாருடைய பேரையோ கூப்பிட்டார்கள், அவள் பேரில்லை. ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஒன்று கிரீச்சிட்டுக்கொண்டு கடந்தது. "வர்றேன்னு எனக்குப் போடுங்க" என்றாள் ஜெசிந்தா மறுபடி, "அந்தக் கடைசிக் கேள்வி எனக்கில்ல. அதுக்கு நீங்கதான் பதில் போடணும். என்ன போடறீங்கன்னு எனக்குத் தெரியப்போறதும் இல்ல, எனக்குத்தான் ஒரு எழுத்துகூடத் தெரியலயே." அவள் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. விரிந்த கண்ணால் அவர் இருந்த பக்கம் திரும்பினாள், ஓரங்கள் கலைந்த ஒரு வெள்ளைச் சட்டை, அதற்கு மேலே முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பழுப்பு நிறம், கையில் ஒரு துண்டு வெளிச்சம். அந்த வெளிச்சம் மேலே எழும்பி முகத்துக்குக் கிட்டே போயிற்று, அங்கேயே நின்றது. முப்பது வருஷத்தில் அந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றி அவன் என்றும் அவள் என்றும் அதுங்க என்றும்தான் அவர் வாயிலிருந்து அவள் கேட்டிருக்கிறாள், ஊரில் எல்லோரும் அப்படித்தான், அறுபது வயசுக்காரரையும் அவன்.

"ஜெசி" என்றார் இன்னாசிமுத்து. "அவங்கள என்னன்னு கூப்பிட்டுப் போடறது?"

அவங்க. தவறிப்போய் வந்ததா என்று பார்த்தாள், இல்லை, அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார், விரலைத் திரைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, பள்ளிக்கூடத்துப் பையன் எழுத்துக்கூட்டக் கேட்கிறமாதிரி.

"பேரையே போடுங்க, தெரசம்மாள்னு" என்றாள். "மரியாதையை வினைமுற்றுல வெச்சுக்கலாம்."